பதினேழும் பதினெட்டும்

எருமைக்குக் கழுத்தில் ரத்தக் குழாயைத் தேடிப் பிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கட்டைவிரலைக் கழுத்துப் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் புடைத்துக்கொண்டு நிற்கும். ஊசி சரியாக இறங்கினால் ரத்தம் தானாக ட்யூபுக்குள் ஏறும். பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். நம்பர் எழுதுவதில்தான் கோட்டை விட்டேன்.

போர்ட் பிளேயரில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியன். கான்ட்ராக்ட் வேலை. டாலிகஞ்சில் வாடகை வீடு. வீட்டுக்காரருக்கு, என் புருஷனைச் சொல்கிறேன், பாம்பூஃப்ளாட்டில் ஒரு போட் இன்ஜின் பட்டறையில் வேலை, தினமும் சாத்தாமில் ஃபெர்ரி ஏறிப் போய் வருகிறார். எங்கள் இருவரின் அப்பாமாரும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன் பிடிக்க வந்து இங்கேயே தங்கிப்போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் எருமைக்கறிதான். அதனால் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று யாரும் எனக்கு உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆராய்ச்சி இதுதான். இங்கே கறிக்கு வளர்க்கிற எருமைக் கடாக்கள் சீக்கிரம் எடை ஏறுவதில்லை. நல்ல தீனி என்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆனால் ஒரே புல்லைத் தின்று ஒரு கன்று மட்டும் மற்றதைவிட வளரும். அது ரத்தத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. மரபணுவில் ஓர் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த எழுத்தைத் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும், ரெண்டு பக்கமும், வாங்கி வந்த கன்று நன்றாக வளரும். ஒரு பக்கம் மட்டும் வாங்கியது சுமார். ரெண்டு பக்கமும் இல்லாததற்குத் தின்றதெல்லாம் வீண். எங்கள் சார் இவ்வளவு அறுத்துச் சொல்ல மாட்டார், 'வாய்ப்பு அதிகம்ங்க, வாய்ப்பு கம்மிங்க' என்பார். அவர் மெயின்லேண்டில் ஈரோட்டுப் பக்கம். நான் அறுத்துத்தான் சொல்வேன்.

ஊருக்கு ஒரு கடாக்கன்றைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கத்துக்கு வைப்பதாக ஏற்பாடு. தேர்வான கடா வளர்த்தவர் கொட்டகையிலேயே இருக்கும், தீனி ஆபீஸ் கொடுக்கும், அதை விற்கவோ வெட்டவோ கூடாது. தேர்வாகாதது வளர்த்தவர் இஷ்டம். வளர்த்தவர் இஷ்டம் என்றால் கறிக்கடைதான்.

இனி என் கதை. அந்த வருடம் ஜூனில் எனக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு டேப்பை என் வயிற்றின் மேல் வைத்து அளந்தாள். கன்றுகளுக்கு நெஞ்சளவு எடுக்க நான் பையில் வைத்திருக்கிற அதே மாதிரி மஞ்சள் டேப். ரெண்டு தரம் அளந்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, வளர்ச்சி போதவில்லை என்றார். அடுத்த வாரம் போனபோது துடிப்பும் இல்லை. பெண் குழந்தை. என் இரண்டு கைக்குள் அடங்கியது. கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாக இடம் கொடுத்தார்கள். பெயர் வைக்கவில்லை.

நான் அழவில்லை. பெரிய மனதைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, அதற்கப்புறம் கன்னத்தைத் தட்டினால் தட்டுவது தெரியும், கன்னம் நம்முடையது என்று தெரியாது. அந்த மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தலையைத் தடவி, வயசு இருக்கிறது, இன்னொன்று பிறக்கும் என்றார்கள். வேறு சமயமாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அப்போது டீ போட்டுக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் ரங்கத் பக்கம் ரத்தம் எடுக்கப் போகிற முறை வந்தது. நானும் வருகிறேன் என்று சாருக்குப் போன் பண்ணிவிட்டேன். வீட்டுக்காரருக்கு மனசில்லை.

"ஏளா, இன்னும் பத்து நாள் வீட்ல கெடந்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

"வீட்ல கெடந்தா வாறவளுக எல்லாம் தலையத் தடவுதாளுக. எருமை தடவாது," என்றேன்.

காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்து என் ரப்பர் பூட்ஸைக் கழுவி வாசலில் வைத்திருந்தார். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஸ்டிக்கர் லேபிள் மெயின்லேண்டிலிருந்து வருவது. கப்பல் தள்ளிப்போனால் லேபிள் இருக்காது. அப்போது ட்யூபின் பக்கத்தில் மார்க்கரால் நம்பர் எழுதுவோம். மார்க்கர் தண்ணீருக்கு அழியாது, ஸ்பிரிட் பட்டால் ஒரே துடைப்பில் போய்விடும். அதனால் மூடியின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டி, அதில் பென்சிலால் அதே நம்பரை மறுபடி எழுத வேண்டும். பென்சிலை ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. ஒட்டி எழுதாமல் ட்யூபை ஐஸ் பாக்ஸுக்குள் போடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். மறந்தவர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

ரங்கத்தைத் தாண்டி ஒரு ஊர். மதியத்துக்குள் பதினாறு கன்றுகளை அளந்து ரத்தம் எடுத்துவிட்டோம், பதினாறுக்கும் பிளாஸ்டர் ஒட்டியாயிற்று. கடைசியாக ஒரே சந்தில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒரு பக்கம் பெங்காலி கடைக்காரர். அவருடைய கடாக்கன்று தாய்ப் பால் குடித்துப் பளபளவென்று இருந்தது. அது பதினேழு. எதிர்ப்பக்கம் ஒரு தமிழ் அக்கா, ஐம்பது வயதிருக்கும். அவளுடைய அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் பால் எடுக்க வந்தவர்கள். கடல் ஊருக்குள் வந்த வருடத்துக்குப் பிறகு அக்காவும் புருஷனும் ரங்கத் பக்கம் வந்து பாக்குத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தார்கள். அவளுடைய கன்று பதினெட்டு.

பதினெட்டு சின்னது. நெஞ்சளவில் கடைக்காரர் கன்றைவிட நாலு விரல் குறைவு. அது பிறந்த நாலாம் நாளே தாய் எருமை செத்துவிட்டதாம். அக்கா அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய பாலும் கஞ்சித் தண்ணியும் பாட்டிலில் ஊற்றி வளர்த்திருக்கிறாள். கன்று அவள் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டே பின்னால் நடந்தது. நான் ஊசியை எடுத்ததும் அவள் அதன் தலையை இடுப்போடு அணைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"தங்கச்சி, நான் கறி திங்காதவ இல்ல. நல்லாத் திம்பேன். இது மட்டும் வேணாம். ஆபீஸ் லிஸ்ட்ல வந்துருச்சுன்னா தொட மாட்டேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிருக்காரு. வரலன்னா வித்துருவாரு. கொஞ்சம் பாத்து எடு."

"ரத்தத்துக்கு சிபாரிசு கெடையாதுக்கா," என்றேன். என் வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

ரத்தம் எடுத்துப் பதினெட்டு என்று ட்யூபில் எழுதினேன். பதினேழும் கையில்தான் இருந்தது. சந்தில் மழை பிடித்துக்கொண்டதால் கொட்டகைக்குள் போய்ப் பிளாஸ்டர் ஒட்டலாம் என்று வைத்திருந்தேன். ஊசி குத்திய வலியில் கன்று கத்தியது. தாயைத் தேடுகிற கத்தல். அந்தச் சத்தத்துக்கு எனக்குப் பால் இறங்கிவிட்டது. ஏப்ரனுக்கு மேலே, மார்பில், இரண்டு வட்டமாக நனைந்தது. மழை என்று சொல்ல முடியாத இடம். எடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சார் நிமிர்ந்தார், உடனே குனிந்து ஜீப்பைப் பார்க்க நடந்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனாள்.

எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள். பதினாறு என்றேன். புள்ள என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மழையிலேயே வெளியே போய் மல்லிச் செடியில் இருந்த அத்தனை பூவையும் மொட்டும் மலருமாக மடி நிறையப் பறித்து வந்தாள். பழைய சேலை ஒன்றை நீளமாகக் கிழித்து, பூவைப் பரப்பி, என் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பால் வற்ற மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்திலும் உண்டு. என் அம்மா அந்தச் சமயம் மெயின்லேண்டுக்குப் போயிருந்தாள், இங்கே வந்த பெண்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

"மூணு நாளு. பூவ மாத்தி மாத்திக் கட்டு. வத்திரும்," என்றாள். முடிச்சைப் போட்டபடியே, "எனக்கு எங்கம்மா கட்டுனா. ரெண்டு வாட்டி," என்றாள்.

பூ ஈரமாக ஜில்லென்று இருந்தது. வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. காட்டுச் சாலையில் வண்டிகளை நேரம் பார்த்துக் கூட்டமாகத்தான் விடுவார்கள். கடைசி கான்வாய் போய்விட்டால் அன்றைக்கு வீடு சேர முடியாது. நான் ஜன்னல் திண்டில் வைத்திருந்த இரண்டு ட்யூபையும் எடுத்து ஐஸ் பாக்ஸில் போட்டு, மூடி, ஓடிப்போய் ஏறினேன்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் பாக்ஸைத் திறந்தால் ஸ்பிரிட் வாடை. பஞ்சு நனைக்கிற பாட்டிலையும் அதே பாக்ஸில் போட்டிருக்கிறேன், ரோட்டுக் குலுக்கலில் மூடி கழன்றிருக்கிறது. மார்க்கர் எழுத்து எல்லாம் போயிருந்தது. பதினாறு ட்யூபுக்குத் தலையில் பென்சில் நம்பர் இருந்தது. இரண்டு ட்யூப் மொட்டையாக நின்றன.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். சாரிடம் சொல்ல வேண்டும். அவர் முகத்தைச் சுருக்குவார், அடுத்த வாரம் மறுபடி ரங்கத் போய் இரண்டு கன்றுக்கும் ரத்தம் எடுப்போம். அவ்வளவுதான். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பயம் இல்லை. சோம்பல்கூட இல்லை. சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று இருந்தது. ஒரு ட்யூபில் ரத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பெரிய கன்று, நல்ல ரத்தம் ஏறியிருக்கும் என்று அதில் பதினேழு எழுதினேன். மற்றதில் பதினெட்டு. இரண்டுக்கும் பிளாஸ்டர் ஒட்டிப் பென்சிலால் மறுபடி எழுதினேன். அழகாக, கோணாமல் எழுதினேன்.

ரிசல்ட் வந்தபோது பதினேழில் ரெண்டு பக்கமும் அடையாளம் இருந்தது. பதினெட்டில் ரெண்டு பக்கமும் இல்லை. சாருக்குத் திருப்தி.

"பாத்தப்பவே தெரிஞ்சுதுங்க. ரிசல்ட்டும் அதையேதானுங்க சொல்லுது," என்றார்.

அதுதான் வினை. கண்ணுக்குத் தெரிந்ததும் ட்யூபில் வந்ததும் ஒன்றாக இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நானும் என் ஊகம் பலித்துவிட்டது என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். ஊர் லிஸ்டில் கடைக்காரர் கன்றின் நம்பருக்கு எதிரே டிக் விழுந்தது.

அக்காவுக்கு என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ, ஒரு மத்தியானம் போன் வந்தது. நம்ம கடா என்ன ஆச்சு என்றாள். லிஸ்டில் வரவில்லை, அதற்கு வளர்ச்சி போதாது என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது டாக்டரம்மா சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

"நல்லாப் பாத்தியா தங்கச்சி?"

"பாத்தேன்க்கா."

"சரி. அப்ப அவருகிட்ட சொல்லிர்றேன்."

போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். அன்றைக்குச் சூரை மீன் குழம்பு. ருசி இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த மாதங்களில் எதற்கும் ருசி இருந்ததாக நினைவில்லை.

ஜனவரியில் மறுபடி போனோம். தேர்வான கடாக்களை ஆபீஸ் முறைப்படி சேர்க்கும் முன் இன்னொரு தரம் ரத்தம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது சாருடைய பிடிவாதம். கடைக்காரர் கடாவுக்கு எடுத்தேன். அங்கேயே நின்று மூடியில் பிளாஸ்டர் ஒட்டினேன். அது எதிர்பார்த்த அளவு வளரவில்லை. கடைக்காரர் தீனி போதவில்லை என்று ஹிந்தியில் குறைப்பட்டுக்கொண்டார். சந்துக்கு எதிர்ப்பக்கம் கொட்டகை காலியாக இருந்தது. பாதி இடத்தில் தேங்காய் மட்டையை அடுக்கியிருந்தார்கள். அக்கா வெளியே வந்து ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள், என்னை நலம் விசாரித்தாள், கன்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செப்டம்பரிலேயே கறிக்காரர் வந்து ஏற்றிப் போய்விட்டதாகக் கடைக்காரர்தான் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் புது ரத்தத்தை ஓட்டிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் இல்லை. கைத்தவறு என்று மறுபடி ஓட்டினேன். மூன்றாம் தரமும் ஓட்டினேன். இல்லை. நான் பதினேழு என்று அழகாக எழுதிய அந்த ட்யூப் அக்காவின் கன்று. வளர்கிற எழுத்து அதனிடம் முழுசாக இருந்திருக்கிறது, தாய்ப்பால் இல்லாததால் அப்போதைக்குச் சின்னதாக நின்றிருக்கிறது. கொஞ்ச நாள் விட்டிருந்தால் எதிர்வீட்டுக் கடாவைத் தாண்டியிருக்கும்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். தெரியலை சார் என்றேன். அதுதான் உண்மையும். கடைக்காரர் கடாவை லிஸ்டிலிருந்து எடுத்தார், எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். அந்த அம்மாவிடம் நாம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, கடிதம் போகும் என்றார். கடிதத்தில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். 'மாதிரிகளில் ஏற்பட்ட குழப்பம்' என்று எழுதுவார்கள்.

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு விடிகாலை பஸ்ஸில் ரங்கத் போனேன். வீட்டுக்காரர் எதற்கு என்று கேட்டார். முழுசாகச் சொன்னேன். கூட வரவா என்றார், வேண்டாம் என்றேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். நம்பர் அழிந்துபோனது, நான் ஊகத்தில் எழுதியது, சாரிடம் மறைத்தது, போனில் நன்றாகப் பார்த்தேன் என்று பொய் சொன்னது. உரிக்கிற கை நிற்கவில்லை.

"அப்ப என் கடாதான் வளர்ற கடாவா?"

"ஆமாக்கா. ரெண்டு பக்கமும் இருந்துச்சு."

"லிஸ்ட்ல அதுதான் வந்துருக்கணும்?"

"ஆமாக்கா."

ஒரு பாக்கை உரித்துக் கூடையில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள், உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். எப்போதும் ஒட்டுகிற பிளாஸ்டரை அந்த ரெண்டுக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை என்று நான் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே அதை மட்டும் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். அவளே யோசித்தாள்.

"அன்னைக்கு ஒனக்குப் பூ கட்டி விட்டேனே. அப்பவா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்த அக்காவிடம் ஒரு பொய் போதும் என்று தோன்றியது.

"ஆமாக்கா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். காலிக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் என் மார்பைப் பார்த்துக் கேட்டாள்.

"பால் வத்திருச்சா?"

"வத்திருச்சுக்கா. மூணாம் நாளே."

அதைச் சொல்லும்போது நெஞ்சுக்குள் வலித்தது. ஜூனிலிருந்து முதல் தடவையாக எனக்கு ஏதோ வலித்தது. கன்றுக்கா, கல்லறைத் தோட்டத்து மதில் ஓரத்துக்கா என்று பிரிக்கத் தெரியாமல் அந்தப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதேன். அக்கா என்னைத் தொடவில்லை. பாக்கு உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"எந்திரி தங்கச்சி. கெளம்பு. பஸ் போயிரும்."

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அது அக்காவுக்கும் தெரியும்.